‘நியாயமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினால் அது விதியாகுமா?

கேள்வி – அடுக்ககச் செயலாளர்

புறநகரில் 48 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் பதினான்காவது விதி இது: ‘குடியிருப்போர் அனைவரும் மற்றவர்களுக்கு இடையூறு நேராத வகையில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், மீறுவோருக்கு ரூ.1,000 வரை அபராதம் விதிக்கப்படும்.’ சங்கம் தொடங்கிய காலத்தில் யாரோ எழுதியதைப் பொதுக்குழுவில் கைதூக்கி ஏற்றுக்கொண்டோம். அப்போது எவருக்கும் அதில் குறை தெரியவில்லை. நியாயமாக நடக்க மாட்டேன் என்று எழுந்து சொல்பவர் யார்?

சென்ற மாதம், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞர் இரவு ஒன்பதேகால் மணிக்கு மிருதங்கம் சாதகம் செய்வதாக மேல்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். செயற்குழு கூடி, பதினான்காம் விதியின்படி ரூ.500 அபராதம் என்று முடிவு செய்தது. அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். மறுநாள் மாலை அந்தத் தம்பி அறிவிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. “சார், எத்தனை மணிக்கு நிறுத்தியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்று இந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இன்று முதல் அந்த நேரத்தில் நிறுத்திவிடுகிறேன்” என்றார். பேனாவைத் திறந்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எட்டரை என்று எழுதினால், செயற்குழு அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. ஒன்பது என்று எழுதினால், கால் மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாயா என்று கேட்பார்; கேட்டால் தவறில்லை.

படியிறங்கும்போது, விடியற்காலை ஐந்து மணிக்கு நான்காம் மாடியில் ஓடும் கிரைண்டருக்கு அறிவிப்புப் போயிற்றா என்றும் கேட்டார். போகவில்லை. அந்த அம்மா மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிறார். அவருடைய மகன் எங்கள் செயற்குழுவில் உறுப்பினர்.

நாட்டின் சட்டங்களிலேயே ‘நியாயமான’, ‘தகுந்த’, ‘போதிய கவனத்துடன்’ போன்ற சொற்கள் ஏராளமாக இருக்கின்றனவே, அவை அங்கே எப்படிச் செல்லுபடியாகின்றன? எங்கள் விதி மட்டும் ஏன் கையில் எடுத்தவுடன் நொறுங்குகிறது? செய்யக் கூடாதவற்றையெல்லாம் பட்டியலாகப் போட்டுவிடுவதுதான் வழியா?

மறுமொழி – வழக்கறிஞர், மதுரை

உங்கள் வீட்டு வாசலில் நடந்த உரையாடல், ஏறத்தாழ அதே வடிவத்தில், அமெரிக்காவின் மொன்டானா மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நாடு முழுமைக்குமான வேக வரம்பை அமெரிக்க நாடாளுமன்றம் 1995 இறுதியில் நீக்கியபோது, அம்மாநிலத்தில் பகல் நேரத்தில் கார்களுக்கு எண்ணால் சொல்லப்பட்ட வரம்பு எதுவும் இல்லாமல் போயிற்று. சாலையின் நிலை, வானிலை, போக்குவரத்து, வண்டியின் தரம் ஆகியவற்றைக் கருதி ‘நியாயமாகவும் முன்யோசனையோடும்’ ஓட்ட வேண்டும் என்ற பழைய விதிதான் எஞ்சியிருந்தது. 1996 மார்ச்சில் ஸ்டாங்கோ என்பவர், கிட்டத்தட்டப் புதிய காரில், ஈரமில்லாத சாலையில், மணிக்கு 85 மைல், அதாவது சுமார் 137 கிலோமீட்டர் வேகத்தில் போனதற்காக அபராதச் சீட்டு பெற்றார். அப்படியானால் எந்த வேகம் நியாயமாக இருந்திருக்கும் என்பதற்குச் சீட்டுக் கொடுத்த அதிகாரியின் சாட்சியத்தில் விடை இல்லை. 1998 டிசம்பரில், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்த விதி தெளிவற்றது என்பதால் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே சட்டமன்றம் 75 மைல் என்று எண்ணை எழுதிவிட்டது.

தண்டிக்கும் சட்டம் தெளிவில்லாமல் இருந்தால் இரண்டு கேடுகள் விளைகின்றன. எதைச் செய்தால் குற்றம் என்று செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகிறது என்பது ஒன்று. மற்றொன்று, நடைமுறையில் அதைவிட மோசமானது: யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்ற தேர்வு, பிடிப்பவர் கைக்குப் போய்விடுகிறது. மிருதங்கத்துக்கு அறிவிப்பு, கிரைண்டருக்கு மௌனம் என்பது இந்த இரண்டாவது கேட்டின் சிறிய வடிவம்தான். நீங்களும் அதை உணர்ந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தியை அனுப்புவதும், பொய் என்று தெரிந்தே ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ உண்டாக்கும் நோக்கத்தோடு தொடர்ந்து அனுப்புவதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது அது. இச்சொற்களில் எதற்கும் சட்டத்தில் வரையறை இல்லை. 2012 அக்டோபரில் புதுச்சேரி வணிகர் ஒருவர், ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அடுத்த மாதமே, மும்பைக்கு அருகில் பால்கரில், ஒரு தலைவர் மறைந்ததற்கு ஊரை ஏன் அடைக்க வேண்டும் என்ற பொருளில் முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அந்தப் பதிவுக்கு விருப்பக்குறி இட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். ஸ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் ஆகியோர் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் நீக்கினார்கள். அத்தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இங்கிலாந்து வழக்குகள் இரண்டை எடுத்துக்காட்டும் பகுதி. அவற்றில் ஒன்று, பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று கடுப்பில் வேடிக்கையாக எழுதிய ஒருவரைக் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்து, உயர் நீதிமன்றம் விடுவித்த வழக்கு. சட்டம் கற்ற நீதிபதிகளே ஒரே வாசகத்தைப் படித்து நேர் எதிரான முடிவுகளுக்கு வரும்போது, சாதாரண மனிதர் எதை நம்பி எழுதுவார் என்பதே கேள்வி.

அப்படியானால் ‘நியாயமான’ என்ற சொல்லையே சட்டத்திலிருந்து துரத்திவிடலாமா என்றால், முடியாது, துரத்தவும் கூடாது. 1837இல் இங்கிலாந்தில் தீர்ப்பான வாகன் எதிர் மென்லவ் வழக்கைப் பாருங்கள். ஒருவர் தம் நிலத்தின் எல்லையில், அண்டை வீட்டுக்காரரின் குடில்களுக்கு அருகில், உலர்ந்த புல்லைப் போராகக் குவித்து வைத்திருந்தார். புழுங்கித் தீப்பிடிக்கும் என்று ஐந்து வாரங்களாகப் பலர் எச்சரித்தும், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டார். போர் பற்றி எரிந்து, குடில்களும் எரிந்தன. தம் அறிவுக்கு எட்டியவரை நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டதாக அவர் வாதாடினார். அவரவர் அறிவை அளவுகோலாக வைத்தால், ஆளுக்கு ஆள் பாதத்தின் நீளம் மாறுவதுபோல அளவுகோலும் மாறும் என்று தலைமை நீதிபதி டிண்டல் மறுத்தார். முன்யோசனையுள்ள சாதாரண மனிதர் எடுக்கும் கவனமே அளவு என்றார். ‘நியாயமாக நடக்கும் மனிதர்’ என்ற கற்பனை ஆள் சட்டத்தில் நிலைபெற்றது ஏறக்குறைய அங்கிருந்துதான்.

அந்த வழக்கில் எவரும் சிறைக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். எரிந்த குடிலுக்கு இழப்பீடு தர வேண்டியவர் யார் என்பதுதான் அங்கே பேச்சு. நடந்து முடிந்த ஒரு கேட்டை இருவரில் யார் தலையில் வைப்பது என்று இருதரப்புக்கும் பொதுவான மூன்றாமவர் நிதானமாக முடிவு செய்கிறார். அந்த இடத்தில் ‘நியாயமான’ என்ற சொல் நன்றாகவே வேலை செய்கிறது. புகார் கொடுத்தவரின் அண்டை வீட்டாரே கூடி அபராதம் எழுதும் இடத்தில் அதே சொல் பழுதாகிறது. உங்கள் பதினான்காம் விதியின் முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. காற்புள்ளிக்குப் பிறகு வரும் அபராதம்தான் சிக்கல்.

மறுமொழி – ஒலியளவு பார்க்கும் பொறியாளர்

இதற்கு ஏன் இவ்வளவு நீளமான வாதம்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் எண்களே இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், மீதி நேரத்தில் 45 டெசிபல். அந்தக் கணக்கின்படி மிருதங்கம் வாசித்தது பகல் நேரத்தில். கிரைண்டர் ஓடியது இரவு நேரத்தில். நீங்கள் அபராதம் போட்டது தலைகீழாக இருக்கிறது.

ஆனால் என் தொழிலிலேயே இருக்கும் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்கள் ஒரு கால அளவின் சராசரியைக் குறிப்பவை. நள்ளிரவில் மேல்வீட்டில் ஒரே ஒரு முறை கட்டிலை இழுத்தால், அது சராசரியில் கரைந்து காணாமல் போகும். கீழ்வீட்டுக்காரரின் உறக்கம் போனது போனதுதான். கைப்பேசிச் செயலியில் அளந்து சண்டை போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கைப்பேசிகள் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை.

மறுமொழி – ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை நான் தெருவிலிருந்து பார்த்தவன். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டுக்காரச் சட்டம். அதன் 75ஆம் பிரிவை அறியாத காவலர் இருக்க மாட்டார். பொது இடத்தில் குடித்து நிலைதவறுவது, ஒழுங்கீனமாக நடந்துகொள்வது ஆகியவற்றுக்கான பிரிவு அது. ‘ஒழுங்கீனம்’ எது என்று எங்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், நான் இருந்த நிலையத்தில், மாத இறுதியில் பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். அந்த வாரம் மட்டும் ஊரில் ஒழுங்கீனம் திடீரென்று பெருகிவிடும். நடைபாதையில் படுத்திருப்பவர், இரண்டாவது காட்சி முடிந்து நடந்து வருபவர், கேள்வி கேட்டால் எதிர்க்கேள்வி கேட்பவர் ஆகியோரே அகப்பட்டார்கள். கார் வைத்திருப்பவர் ஒழுங்கீனமாக இருந்ததாக நான் ஒரு வழக்கும் எழுதியதில்லை. பெருமைப்படும் விஷயமல்ல, ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் தினமும் இரவு பதினொரு மணிக்கு, தம்மோடு பேச்சுவார்த்தை முறித்துக்கொண்ட உறவினர் வீட்டு வாசலில் நின்று, விசிலை மூன்று முறை ஊதிவிட்டுப் போவார். திட்டவில்லை, மிரட்டவில்லை, வாசற்படியை மிதிக்கவில்லை. உள்ளே இருந்த அம்மாவுக்குக் கைகால் நடுங்கும். எந்தப் பட்டியலில் ‘விசில்’ என்று எழுதி வைத்திருப்பார்கள்? பொதுப்படையான சொல் இருந்ததால்தான் அவரை அழைத்துக் கண்டிக்க முடிந்தது. எனவே சட்டத்தில் இப்படிப்பட்ட சொல்லே இருக்கக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

என் அனுபவத்தில் முக்கியமானது, அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்பவர் யார் என்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 129, நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவு. பிணையின்றி வெளியே விட்டால் சமுதாயத்துக்கே ஆபத்து என்று கருதத்தக்க துணிந்த ஆள் என்பது அதன் வகைகளுள் ஒன்று. யார் அப்படிப்பட்டவர் என்று விசாரித்து முடிவு செய்ய வேண்டியவர் நிர்வாக நடுவர். தமிழ்நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகளால் அந்த நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்; அதாவது, எங்கள் நிலையம் அறிக்கை அனுப்பும், எங்கள் மேலதிகாரியே தீர்ப்பும் சொல்வார். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது. பிரிவின் சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பொருள் சொல்லும் நாற்காலிதான் மாறியது.

பட்டியல் பற்றிக் கேட்டீர்கள். மத்திய மாகாணத்தின் பழைய குண்டர் சட்டம், குண்டர் என்றால் யார் என்பதற்குச் சரியான அளவுகோல் இல்லாததால் 1960இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வம்பில் மாட்டவில்லை; தண்டனைச் சட்டத்தின் இன்னின்ன அத்தியாயக் குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் என்று கட்டம் கட்டி எழுதினார்கள். ஆனால் கட்டம் போட்டால் கட்டத்துக்கு வெளியே ஆள் நிற்பான். கள்ளச்சாராயத்தில் தொடங்கிய அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இன்று வீடியோ திருட்டும் மணல் கடத்தலும் ஏறி நிற்கின்றன. சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. உங்கள் பட்டியலும் அப்படித்தான் நீளும்.

மறுமொழி – சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலச் சட்டங்களில் வரும் ‘ரீசனபிள்’ (reasonable) என்ற சொல்லை நாங்கள் இடத்துக்கு ஏற்ப ‘நியாயமான’, ‘தகுந்த’, ‘ஏற்புடைய’ என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஒன்றும் முழுமையாகப் பொருந்துவதில்லை. தமிழில் ‘நியாயம்’ என்பது அறத்தின் பக்கம் சாய்ந்த சொல். ஆங்கிலத்தில் ஒருவருடைய நடத்தை அந்த அளவுக்கு எட்டவில்லை என்றால், கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்ற அளவில் நின்றுவிடும். தமிழில் அதற்கு எதிர்ச்சொல் ‘அநியாயம்’. ஒன்பதேகால் மணிக்கு மிருதங்கம் வாசித்தவருக்கு ‘நீர் நியாயமாக நடந்துகொள்ளவில்லை’ என்று முத்திரையிட்ட தாள் போனால், அவர் அதை அநியாயக்காரன் என்றுதான் படிப்பார். அவர் கோபப்படாமல் வந்து கேட்டது உங்கள் நல்வாய்ப்பு. (வேடிக்கை என்னவென்றால், அன்றாடத் தமிழில் ‘நியாயம்’ தெளிவாக இருக்கும் ஓரிடம் நியாய விலைக் கடை, அங்கே நியாயம் பலகையில் ரூபாயாக எழுதப்பட்டிருக்கும்.)

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பில் பேச்சுரிமைக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் ‘நியாயமான’ கட்டுப்பாடுகளாக இருக்க வேண்டும் என்ற சொல், 1951இல் முதல் திருத்தத்தின்போதுதான் நுழைந்தது. அச்சொல் இங்கே குடிமகனின் நடத்தையை அளக்கவில்லை, அரசின் நடத்தையை அளக்கிறது. அதனால்தான் அங்கே அது தெளிவற்று இருப்பது மக்களுக்குப் பாதுகாப்பாக முடிகிறது. அதே உறுப்பில் சங்கம் அமைக்கும் உரிமைக்கு இச்சொல் முதலிலிருந்தே உண்டு. அதை எப்படி அளப்பது என்று விளக்கிய வழக்கு சென்னையிலிருந்து போனது. வழக்கறிஞர் வி.ஜி. ராவ் சார்ந்திருந்த மக்கள் கல்விக் கழகத்தைச் சென்னை அரசு 1950இல் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டில் 1952இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அதை உறுதி செய்தார். எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தீமைக்குமேல் மருந்து மிஞ்சுகிறதா, காலச் சூழல் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார். தீர்ப்பளிக்கும் நீதிபதியின் சொந்தச் சமூகப் பார்வையும் மதிப்பீடுகளும் அதில் பங்கெடுக்கவே செய்யும் என்று அவரே ஒப்புக்கொண்டது அத்தீர்ப்பின் நேர்மை. உங்கள் செயற்குழு அந்த ஒப்புதலைச் செய்ததா?

கேள்வி கேட்டவரின் பதில் – அடுக்ககச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி தைத்தது. எங்கள் செயற்குழுவில் ஏழு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர் ஒருவர்கூட இல்லை. அது எவருக்கும் இதுவரை உறுத்தியதில்லை என்பதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ரூ.500ஐத் திருப்பித் தர முடிவாயிற்று. பதினான்காம் விதியின் முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதை மட்டும் காட்டி எவருக்கும் அபராதம் விதிக்கக் கூடாது என்று எழுதினோம். முதலில் இன்ன செயலை இன்ன நேரத்துக்குமேல் செய்ய வேண்டாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகும் அதே செயல் தொடர்ந்தால்தான் அபராதம். புகாரில் சம்பந்தப்பட்ட வீட்டைச் சேர்ந்தவர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. வாடகைதாரர் இருவர் குழுவில் இருக்க வேண்டும். நேரத்துக்கு மட்டும் எண் வைத்தோம்: வாத்தியம் வாசிப்பது இரவு ஒன்பது மணி வரை, கிரைண்டர், துளையிடும் இயந்திரம் போன்றவை காலை ஆறு மணிக்குமேல். மாவு விற்கும் அம்மா, ஆறு மணிக்கு அரைத்தால் ஏழு மணிக் கடைக்கு மாவு போய்ச் சேராது என்றார். கிரைண்டரைத் தரைத்தளத்துப் பம்பு அறைக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறோம், மின்கட்டணம் அவருடையது.

புதிய விதியை மிருதங்கத் தம்பியிடமும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், ‘வாத்தியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மணிக்குமேல் மிருதங்கத்தை உறையில் போட்டுவிட்டுக் தாளச் சொற்களை மட்டும் கொன்னக்கோலாக வாயால் சொன்னால் பரவாயில்லையா?” என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.